பால் குடிக்காதவள் வீட்டில் கரப்பானுக்கு ஜெல்: வேலூரில் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வீகன். ஆறு வருஷமாகப் பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. பட்டுக்கூட்டை உள்ளே இருக்கும் புழுவோடு சேர்த்து வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் கல்யாணத்து ஆரணிப் பட்டு பீரோவில் மடித்த மடிப்பிலேயே கிடக்கிறது. அப்படிப்பட்ட நான் போன மாதம் நானே போன் பண்ணி, 1,400 ரூபாய் கொடுத்து, என் சமையலறையில் இருந்த கரப்பான்களைக் கொல்ல ஆள் கூப்பிட்டேன். அந்தச் சர்வீஸ் எப்படி என்பதுதான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேர் போடப் போவதில்லை, ஒரு ஆளை மட்டும் மாட்டிவிட எனக்கு மனசில்லை.

வீடு சத்துவாச்சாரியில், வாடகை, முதல் மாடி. சிங்க் அடியில் இருக்கும் மர அலமாரி தண்ணீர் கசிந்து கசிந்து ஊதிப்போயிருக்கிறது, வீட்டு ஓனரிடம் சொன்னால் "பாக்கலாம்மா" என்பார், அதோடு சரி. சாக்கடையிலிருந்து ஏறி வருகிற பெரிய செங்கரப்பான் எனக்குப் பிரச்சினையே இல்லை, அது ஒன்றோ இரண்டோதான் வரும், தம்ளரைக் கவிழ்த்து அடியில் காலண்டர் அட்டையைச் சொருகி மாடிப்படி தாண்டி விட்டுவிட்டு வருவேன். இது வேறு ஜாதி. சின்னது, வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான் என்று பேர். இதற்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் சூடும் ஈரமும் இருந்தால் போதும், பிரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல், மிக்ஸியின் அடிவயிறு என்று குடும்பம் நடத்தும். பெண் கரப்பான் முட்டைப்பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும், ஒரு பைக்குள் 30, 40 முட்டை. எத்தனை தம்ளர் கவிழ்ப்பது?

பிரிஞ்சி இலை போட்டேன், கிராம்பு போட்டேன். நான்காம் நாள் பிரிஞ்சி இலை மேலேயே ஒன்று சாவகாசமாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. அப்போதும் ஆள் கூப்பிடவில்லை. அக்கா பையன் லீவுக்கு வந்து தங்கிய இரண்டாம் இரவே வீசிங் வந்து நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் கரப்பான் உண்டா? அதன் கழிவும் உரித்துப் போடும் தோலும் தூசியில் கலந்து ஆஸ்துமாவைக் கிளப்பும் என்றார். அன்றைக்கு ராத்திரிதான் நம்பர் தேடினேன்.

போனில் பேசியவரிடம் கொல்லாமல் துரத்துகிற மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஹெர்பல் இருக்கு மேடம்." ஹெர்பல் என்றால் சாகாதா? "சாகும் மேடம், ஆனா ஹெர்பலா சாகும்." இந்த ஒரு பதிலுக்கே அரை ஸ்டார் கூடுதலாகப் போடலாம்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதை மறுக்க முடியாது. வந்தது குடியாத்தம் பக்கத்துத் தம்பி ஒருவன், இருபத்தைந்து வயசு இருக்கும். காபி கொடுத்தேன், ஓட்ஸ் பால் ஊற்றிய காபி, ஒரு வாய் குடித்துவிட்டு என்ன இது என்று கேட்டான், விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "இன்னாக்கா, மாட்டுக்கு வலிக்கும்னு பாலே தொட மாட்டீங்க, இதைக் கொல்ல எனக்குப் போன் போட்டீங்களா?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வேலை சுத்தம். ஸ்ப்ரே இல்லை, நாற்றம் இல்லை, பாத்திரத்தை எல்லாம் ஹாலுக்கு மாற்றச் சொல்லும் கூத்து இல்லை. ஊசி மாதிரி ஒரு டியூபிலிருந்து துவரம்பருப்பு அளவுக்குச் சொட்டுச் சொட்டாக, கீலுக்குள், அலமாரி மூலையில், பிரிட்ஜுக்குப் பின்னால், ஸ்டவ் அடியில். டியூபை வாங்கிப் பார்த்தேன், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து 2.15 சதவீதம். தின்றதும் அங்கேயே விழாது, பெரும்பாலும் பொந்துக்குப் போய்த்தான் சாகும். செத்ததையும் அதன் கழிவையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். "ஒண்ணு தின்னா போதும்க்கா, அதுவே குடும்பத்துக்கே கொண்டு போய்க் குடுத்துடும்" என்றான். தொழில் தெரிந்தவன் பெருமையோடு சொன்னது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் கிளம்பும்போது, ஜெல் வைத்த இடத்தில் ஹிட், ஃபினாயில் எதுவும் அடிக்காதீங்க, வாசனைக்கு அது கிட்ட வராது என்று இரண்டு தடவை சொன்னான். ஜெல் வைத்த மறுநாளே அங்கே ஸ்ப்ரே அடித்துவிட்டு "வேலை செய்யலை" என்று ரிவ்யூ எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பலன்? மூன்றாம் நாள் காலையில் சிங்க் ஓரம் மல்லாந்து கிடந்தவை பதினேழு. ஒன்று இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது, திருப்பிப் போட்டேன், இரண்டு அடி நடந்து மறுபடியும் மல்லாந்தது. முறத்தோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இரண்டு வாரத்தில் முழுசாக நின்றுவிட்டது. பையனுக்கு அதற்கப்புறம் இங்கே வீசிங் வரவில்லை, கரப்பான் போனதால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது தம்பி கேட்ட கேள்வி. வீகன் நண்பர்கள் சிலர் பூச்சியெல்லாம் கணக்கில் வராது, அதற்கு வலி தெரியாது என்று சுலபமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அதில் சேர மாட்டேன். 2022ல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூச்சிகளின் வலி பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எட்டு அளவுகோல்களில் ஆறு, வளர்ந்த கரப்பானுக்கும் கரையானுக்கும் ஈக்கும் கொசுவுக்கும் பொருந்துகிறது என்றார்கள். நம் நாட்டு 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே மனிதன் அல்லாத எந்த உயிரும் விலங்குதான் என்று வரையறுக்கிறது. தேன் வேண்டாம், பட்டு வேண்டாம் என்று பூச்சிக்காக விட்டுவிட்டு, கரப்பான் என்றதும் பூச்சி உயிரே இல்லை என்றால் எப்படி?

1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில பேரும் வீகன் சொசைட்டி ஆரம்பித்தார்கள். அந்தச் சொசைட்டி இன்று தரும் விளக்கத்தில் "முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்தவரை" என்று ஒரு வார்த்தை உண்டு. எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். என் தட்டில் இருக்கும் எலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள், 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பெருமை. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு வந்தால் பெரும்பாலும் மருந்து அடிக்காமல் விளைச்சல் எடுக்க முடியாது. ஆக நான் தொடாத கொலை, ஆனால் தின்கிற கொலை. போதாததற்கு இந்த மாதிரி மருந்தைப் பதிவு செய்ய முதலில் எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும், எந்த அளவில் பாதி எலி சாகிறது என்பதே ஒரு அளவுகோல். நான் கொடுத்த 1,400 ரூபாயில் அதுவும் அடக்கம்.

கொசு இன்னும் மோசம். டெங்கு சீசனில் மாநகராட்சியிலிருந்து வரும் அக்காக்கள் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிந்தால் மருந்து ஊற்றுகிறார்கள், கொட்டச் சொல்கிறார்கள். நானும் கொட்டுகிறேன், ஒரு வாளித் தண்ணீரில் நூறு உயிர். டெங்கு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் தொட்டிக்கு மூடி போட்டிருந்தால் அந்தப் புழுவே பிறந்திருக்காதே, அது மட்டும் உறுத்தும்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்தோ வந்ததும் இல்லை. காட்பாடிக்கு அந்தப் பக்கம் வள்ளிமலையில் சமணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்னும் இருக்கிறார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் அவர்களுடையது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுகிற பூச்சி சோற்றோடு போய்விடக் கூடாது. அம்மாவோடு ஆரணியில் படித்த தோழி ஒருவர் வீட்டில் இருட்டுவதற்கு முன்பே அடுப்பை அணைத்து, துடைத்து, பாத்திரம் கழுவி முடித்துவிடுவார்களாம். நினைத்துப் பாருங்கள், ராத்திரி முழுக்க காய்ந்த சிங்க், எச்சில் இல்லாத மேடை. அந்த வீட்டில் கரப்பானுக்கு என்ன வேலை? நான் ராத்திரி பத்தரைக்குத் தோசை சுட்டுவிட்டு மாவுக் கரண்டியைச் சிங்கில் போட்டுவிட்டுப் படுக்கிற ஆள். தம்பிக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். கொல்வது சரி என்று கூப்பிடவில்லை, முதல் ஒன்று வந்தபோது ஓட்டையை அடைக்காமல் விட்டதால் வேறு வழி இல்லாத இடத்துக்கு வந்து நின்றேன்.

இங்கேதான் இந்தச் சர்வீஸ் மேல் என் குறை. ஓட்டையைப் பற்றி ஆபீஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிங்க் பைப் சுவருக்குள் போகிற இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி, அலமாரிக்குப் பின்னால் பெயர்ந்த டைல்ஸ், இரண்டையும் தம்பி முதல் ஐந்து நிமிஷத்திலேயே எனக்குக் காட்டினான். பில்லில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பதில் வருஷ ஒப்பந்தம் எடுங்கள், மூன்று விசிட், 3,600 ரூபாய் என்று வாரத்துக்கு இரண்டு போன். கரப்பான் வராமலே போய்விட்டால் இவர்களுக்கு அடுத்த விசிட் இல்லை, அதனால் வராமல் தடுப்பது இவர்கள் விற்கிற சரக்கே இல்லை. கொல்வதை மட்டும் விற்கிறார்கள், சுத்தமாக, நேரத்துக்கு, நியாயமான விலைக்கு. 5க்கு 3½ கொடுக்கிறேன், அந்த அரை ஹெர்பலுக்கு.

யாராவது கூப்பிடுவதாக இருந்தால்: ஜெல் மட்டும் கேளுங்கள், டியூப் லேபிளைப் படித்துப் பாருங்கள், எலிக்கு ஒட்டும் அட்டை வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் துடிக்கும். வருஷ ஒப்பந்தம் தேவையே இல்லை.

இரண்டாவது விசிட்டுக்கு அதே தம்பிதான் வந்தான். ஜெல் வைக்க இடமே இல்லை, பழைய சொட்டே அப்படியே இருந்தது. நான் வாங்கி வைத்திருந்த வொயிட் சிமென்ட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே குழைத்து, சிங்க் அடியில் படுத்துக்கொண்டு இரண்டு ஓட்டையையும் அடைத்தான், முக்கால் மணி நேரம் ஆயிற்று. இதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "இதுக்குப் போட பில்லுல இடமே இல்லக்கா" என்று சிரித்துவிட்டு, அந்தக் காபி இருந்தால் இன்னொரு தம்ளர் கேட்டான்.