ஆறு கலர் டேங்க் பிரிண்டர்: ஆல்பத்துக்குச் சரி, வளவுச் சுவருக்குப் போதாது

காரைக்குடிப் பக்கம் இப்போது பல வீடுகளில் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுகிறார்கள், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. அந்த வேலைக்கென்றே நான் வாங்கியது இந்த இங்க் டேங்க் பிரிண்டர், டை என்னும் சாய மை ஊற்றும் ஆறு கலர் மாடல். வாங்கிய வாரத்தில் எழுதினால் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும், நிறம் நிற்கிறதா என்பது பிறகுதான் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

படத்தரத்தில் குறையே சொல்ல முடியாது. வழக்கமான நாலு மையோடு வெளிர் சயான் (நீலம்), வெளிர் மெஜந்தா (கருஞ்சிவப்பு) இரண்டும் சேர்வதால் கன்னத்தில், நெற்றியில் புள்ளி தெரியாமல் வழவழவென்று வருகிறது. ஒரு படத்துக்கு ஆகும் செலவும் ஸ்டுடியோவைவிடக் குறைவு.

நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்க்க ஐயாவின் ஒரே படத்தைப் பல பிரதி எடுத்தேன். ஒன்று ஆல்பத்தில், ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டின் பின்பக்கத்து இரண்டாங்கட்டில், ஒன்று கண்ணாடியே இல்லாமல் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், முற்றத்தைப் பார்த்த சுவரில். ஆல்பத்தில் இருப்பது இன்றும் புதிது மாதிரியே இருக்கிறது. இரண்டாங்கட்டுப் படம் லேசாக வெளுத்திருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வளவில் இருந்ததுதான் கெட்டுப்போனது. நீலச் சாயல் முதலில் போய்விட்டது, வெள்ளைச் சட்டை பழுப்பாகி, தலைமுடியின் கறுப்பு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "உங்க ஐயா முகம் என்னப்பா இப்படிச் செவந்து கெடக்கு?" என்று அப்பத்தா கேட்டதும் அதைக் கழற்றிவிட்டேன்.

இது வெயில் மட்டும் செய்த வேலை இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் டை மையைத் தின்னும், அதிலும் சயானைத்தான் முதலில் பிடிக்கும். அச்சடித்த உடனே காயும் பளபளப்புக் காகிதங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மை அதற்குள் போய் நிற்கும், காற்றும் அதே வழியாக உள்ளே போகும். 2000ஆம் ஆண்டிலேயே எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் எடுத்த படங்கள் சிலர் வீட்டில் சீக்கிரமே ஆரஞ்சு நிறமாகிப் பெரிய புகாரானது இதனால்தான். நம் ஊர் வீடுகளில் வானம் பார்த்த முற்றம் வழியாக நாள் முழுக்கக் காற்றோட்டம், மழைக்காலத்தில் ஈரப்பதம் வேறு. மனிதருக்கு எவ்வளவு சுகமோ, கண்ணாடி இல்லாத டை பிரிண்டுக்கு அவ்வளவு கேடு.

விளம்பரத்தில் போடும் வருஷக் கணக்கையும் நிதானமாகப் படியுங்கள். நூற்றுக்கணக்கான வருஷம் என்று இருந்தால் அது பெரும்பாலும் ஆல்பத்தில், இருட்டில் வைப்பதற்கான கணக்கு. சுவரில் மாட்டுவதற்கு அமெரிக்காவின் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போடும் கணக்கு, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்று வைத்துச் சொல்வது. முற்றத்தை ஒட்டிய சுவரில் பகல் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் போகும், வெயில் நேராக விழுந்தால் ஒரு லட்சத்தை எட்டும். அங்கே அந்த வருஷக் கணக்கு செல்லாது.

ஒரிஜினல் மைக்குப் பதிலாகக் கடையில் கொடுத்த மலிவு மையையும் ஊற்றிப் பார்த்தேன். அச்சில் வரும்போது வித்தியாசமே தெரியவில்லை, ஆனால் ஒரிஜினல் மையில் எடுத்தது கலங்காமல் இருந்த அதே இடத்தில் இது சீக்கிரமே வெளுத்தது. குடும்பப் படத்துக்கு அந்த மை வேண்டவே வேண்டாம்.

சுவருக்கு என்ன செய்வது? பிக்மென்ட் மையில் பிரிண்ட் எடுங்கள். டை என்பது நீரில் முழுக்கக் கரைந்த சாயம், ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அகப்படும். பிக்மென்ட் பொடித் துகளாக இருப்பதால் மேல்பரப்பு அடிபட்டாலும் உள்ளே நிறம் மிச்சம் இருக்கும். நான் வெளியே கொடுத்து எடுத்த பிக்மென்ட் பிரிண்ட், பருத்திக் காகிதத்தில், வளவின் அதே சுவரில் இப்போது இருக்கிறது. இதுவரை கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. பளபளப்பு கம்மி, விலை கூடுதல், எனக்கு அது சம்மதம். கொடுக்கும் இடத்தில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லாக் கலரும் பிக்மென்ட்தானா என்று. பல ஆபீஸ் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும்தான் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை.

எனவே ஆல்பம், வாழ்த்து அட்டை, பள்ளிக்கூட வேலை என்றால் இந்தப் பிரிண்டரைத் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சுவருக்கு என்றே வாங்குவதாக இருந்தால் இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

எந்தப் பிரிண்டாக இருந்தாலும் எடுத்த உடனே சட்டம் போடாதீர்கள். வெள்ளைத் தாளை மேலே விரித்து ஒரு நாளாவது ஆறப்போடுங்கள், இல்லாவிட்டால் மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியின் உட்புறம் புகை மாதிரிப் படியும். அப்புறம் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மேல் பூச்சோடு வந்துவிடும்.