சோவியத் நடிகர் ஸ்மோக்துனோவ்ஸ்கியைப் பார்க்க மாஸ்ஃபிலிம் யூடியூப் சேனல் போதுமா?

மாஸ்கோ பட நிறுவனமான மாஸ்ஃபிலிமின் சேனல் முக்கால்வாசி போதும். காசு கிடையாது, பிரிண்ட் பெரும்பாலும் சுத்தம், நிறைய படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் உண்டு. ஆனால் இன்னொகெந்தி ஸ்மோக்துனோவ்ஸ்கிக்கு (1925–1994) உலகப் பெயர் வாங்கித் தந்த 'ஹாம்லெட்' லென்ஃபிலிம் ஸ்டுடியோவின் தயாரிப்பு. அதை இங்கே தேடிப் பயனில்லை. 1957இல் லெனின்கிராட் பெரிய நாடக அரங்கில் அவர் நடித்த, தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாயகனான இளவரசன் மிஷ்கினும் மேடையோடு போன விஷயம்.

தேடும்போது படத்தின் ரஷ்யப் பெயரை ரஷ்ய எழுத்திலேயே ஒட்டி, ஆண்டையும் சேர்க்கவும். 'ஓராண்டின் ஒன்பது நாட்கள்' (1962), 'காரிடம் ஜாக்கிரதை' (1966), 'வான்யா மாமா' (1970) ஆகிய மூன்றும் முதலில்.

டப்பிங் பிரதி கிடைத்தால் தொடவே வேண்டாம். இவர் நடிப்பில் பாதி குரல்தான்: தயங்கி, வாக்கியத்தின் நடுவே நின்று, எதிர்பாராத சொல்லில் அழுத்தம் கொடுப்பார். இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி'யில் (1975) முகமே காட்டாமல் கதைசொல்லியின் குரலாக மட்டும் வருகிறார். டப்பிங்கில் அவர் படத்திலேயே இல்லை என்றாகிவிடும்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு தானியங்கி மொழிபெயர்ப்பில் தமிழுக்கு மாற்றுங்கள். இயந்திரம் காதால் கேட்டு எழுதிய ரஷ்ய வரிகளிலிருந்து மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆங்கிலம் வழியாக வந்தாலும் ஒரு இழப்பு உண்டு. செகாவ் நாடகமான 'வான்யா மாமா'வில் வான்யாவும் டாக்டர் ஆஸ்திரோவும் ரஷ்ய மொழியில் 'நீ, வா, போ' என்று பேசும் பழைய நண்பர்கள். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசமே இல்லாததால் தமிழில் 'நீங்கள்' முளைத்துவிடும். ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதை வசனத்திலேயே ஓடும் 'சிறு துன்பியல்கள்' (1979) தொடருக்கு இந்த வழி சுத்தமாக உதவாது. மூலத்தை ஒருமுறை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு உட்காருங்கள். அதில் இவர் மொஸார்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரி. அதே கதையை வைத்து 1962இல் ரீகா ஸ்டுடியோ எடுத்த ஓபரா படத்தில் இவரே மொஸார்ட், ஆனால் பாடிய குரல் ஓபரா பாடகர் லெமெஷெவுடையது.

'ஹாம்லெட்'டை (1964, இயக்கம் கோசின்த்சேவ்) வேறிடத்தில் பார்க்கும்போது இரண்டைச் சரிபார்க்கவும். அது 2.35க்கு 1 அகலத்திரைப் படம். பழைய டிவி அளவான 4:3க்கு நறுக்கிய பிரதியில் 40 சதவீதத்துக்கு மேல் படம் காணாமல் போயிருக்கும். கோட்டைச் சுவரும் கடலும்தான் முதல் பலி. அடுத்தது நீளம். 140 நிமிடம் இருக்க வேண்டும். 134 என்றிருந்தால் உடனே வெட்டு என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 24 பிரேமை 25ஆக ஓட்டியிருப்பார்கள். காட்சி முழுதாக இருக்கும், ஆனால் சுருதியைச் சரிசெய்யாத பிரதியில் ஷோஸ்தகோவிச்சின் இசையும் ஸ்மோக்துனோவ்ஸ்கியின் குரலும் கிட்டத்தட்ட அரைச் சுருதி ஏறிவிடும்.

பார்த்த கையோடு சேனலுக்குத் திரும்பி 1966 படத்தை மறுபடி போடுங்கள். லஞ்சக்காரர்களின் கார்களைத் திருடி விற்று, பணத்தை அனாதை இல்லங்களுக்கு அனுப்பும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தேதோச்கின், அமெச்சூர் நாடகத்தில் ஹாம்லெட்டாக மேடையேறுகிறான். முதல் தடவை அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டிருக்கும்.