கல்லூரியில் ஜாவா கமெலான் வகுப்பு: ஒரு செமஸ்டர் வாசித்த பிறகு

அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன், கணிதம். எங்கள் கல்லூரி இசைத் துறையில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஜாவா கமெலான் வகுப்பு ஒன்று நடக்கிறது. கமெலான் என்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பலர் சேர்ந்து வாசிக்கும் வெண்கல வாத்தியத் தொகுதி. இந்த செமஸ்டர் எடுத்ததிலேயே உருப்படியான வகுப்பு எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே போகும்போதே செருப்பைக் கழற்ற வேண்டும். வாத்தியத்தைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். சக மாணவர்களுக்கு இதை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மிருதங்கத்தைக் காலால் தொட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லவே தேவையில்லை, முதல் நாளே மனசு ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் ஜாவாக்காரர். எல்லோரும் அவரை 'பாக்' என்றுதான் கூப்பிடுகிறோம், நாம் ஐயா என்பதுபோல.

முதலில் கையில் கொடுத்தது சரோன். மரப்பெட்டியின் மேல் வெண்கலப் பட்டைகள், அடிக்க ஒரு மரச்சுத்தி. பார்த்தால் எளிது. ஆனால் அடித்த பட்டை ஒலித்துக்கொண்டே இருக்கும், அடுத்த பட்டையை அடிக்கிற அதே நொடியில் முந்தையதை இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் ஒலி வெட்டுப்படும், பிந்தினால் இரண்டும் கலந்து குழம்பும். இது கைக்கு வரவே எனக்கு மூன்று வாரம் ஆனது. ஸ்வரங்களை எண்களில்தான் எழுதித் தருகிறார்கள், அதனால் மேற்கத்திய நொட்டேஷன் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம்.

கமெலானில் இரண்டு ஸ்வர வரிசைகள்: ஸ்லெண்ட்ரோ என்பது ஐந்து ஸ்வரம், பெலோக் ஏழு. ஸ்லெண்ட்ரோவைக் கேட்டதும் 'அட, மோகனம்' என்று துள்ளினேன். மனசுக்குள் மோகனம் பாடிப் பார்த்தால் ஒரு ஸ்வரமும் சரியாக உட்காரவில்லை! ஒவ்வொரு கமெலான் தொகுதிக்கும் அதற்கென்று ஒரு சுருதி. ஒன்றின் பட்டையை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது.

என்னை நிஜமாகவே புரட்டிப் போட்டது தாளம். லட்ராங் என்ற வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 32 எண்ணிக்கை. கெனோங் (குடம்போலக் கிடத்தி வைத்த கோங்) 8, 16, 24, 32இல் விழும், கெம்புல் (தொங்கும் சிறிய கோங்) 12, 20, 28இல், பெரிய கோங் 32இல். அதாவது கனம் முழுக்கக் கடைசி எண்ணிக்கையில். ஏழு வருடம் மிருதங்கம் கற்றவன், முதல் எண்ணிக்கைதான் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், என்று ஊறிப்போன கை, முதல் மாதம் முழுக்க அந்த ஒன்றைத்தான் அழுத்தியது. பாக் திட்டவில்லை, 'எட்டுக்குப் போ' என்று மட்டும் சொல்வார். நாம் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைத்துச் சமத்தில் வந்து விழுகிறோமே, அந்த வந்து விழுவதுதான் இங்கே ஒவ்வொரு நான்கு எண்ணிக்கையிலும் நடக்கிறது என்று ஒருநாள் பிடிபட்டது. அப்புறம் கை தானாகப் போனது.

இன்னொன்று, இங்கே தனி ஆவர்த்தனம் கிடையாது. கெண்டாங் என்ற மேளத்தை வாசிப்பவர் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார், அதைக் காதால் பிடித்து இருபது பேரும் சேர்ந்து இறங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒரு சுற்றுகூட வாசிக்க முடியாது.

இப்போது குறைகள். வாரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரே ஒரு கிரெடிட்தான், இது அநியாயம். வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் அரங்கம் திறந்திருக்கும் நேரத்தில்தான் பயிற்சி, அந்த நேரமும் குறைவு. இதே துறையின் 'உலக இசை அறிமுகம்' விரிவுரையையும் எடுத்தேன், அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 14 வாரத்தில் உலகத்தையே முடிக்கப் பார்க்கிறார்கள். இந்தியாவுக்கு ஒரு வாரம், அதில் கர்நாடக சங்கீதத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம், நாதஸ்வரம், பறை பற்றிப் பேச்சே இல்லை. வருத்தமாக இருந்தது.

இசையை வாத்தியம் வாசித்துத்தான் கற்க வேண்டும் என்பது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்க இசை ஆய்வாளர் மேண்டில் ஹூட் 1960இலேயே இதை வலியுறுத்தி எழுதினார், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மாணவர்களைக் கமெலான் முன்னால் உட்காரவும் வைத்தார். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே நம் டி. ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அவர் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாளின் பேரன். இன்னொரு தம்பி டி. விஸ்வநாதனும் அங்கே பல வருடம் கற்பித்தார். ஒரு அமெரிக்கப் பிள்ளை அவர்கள் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து 'தா தீ தொம் நம்' சொன்னபோது எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

செமஸ்டர் கடைசியில் கச்சேரி உண்டு. என்னிடம் கோங்கைக் கொடுத்தார்கள். 32 எண்ணிக்கைக்கு ஒரே அடி, அதுவும் இம்மி பிந்தித்தான் அடிக்க வேண்டும். அடித்ததும் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

சேர நினைப்பவர்கள் பதிவு திறந்த அன்றே இடம் பிடித்துவிடுங்கள், தேர்வு எதுவும் இல்லை. தரையில் இரண்டு மணி நேரம் உட்காரப் பழகிக்கொள்ளுங்கள். நான் அடுத்த செமஸ்டருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், கெண்டாங் கேட்டிருக்கிறேன்.