‘ஜெர்மன் மேக்’ கேமரா என்று நம்பி 1,400 டாலர் போச்சு: வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. நேற்று மாலைதான் “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று அந்தச் செயலியிலிருந்து கடைசிப் பதில் வந்தது. 1,400 டாலர். ஒன்றரை வருடம் மாதா மாதம் எடுத்து வைத்த பணம். கோபம் ஆறினால் நானே சமாதானமாகிவிடுவேன், அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். கேமராவில் ‘மேட் இன்’ என்று போட்டிருப்பதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

செயலியின் பெயரும் விற்றவர் பெயரும் போடவில்லை. பழைய பொருளை ஆளுக்கு ஆள் நேராக விற்கும் செயலி. விற்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக் போடும் வகை.

நான் தேடியது சிவப்புப் பொட்டைச் சின்னமாக வைத்த லைக்கா என்ற ஜெர்மன் கம்பெனியின் கேமரா. லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராதான். அவர்களுடைய எம் வரிசை எல்லாம் என் கைக்கு எட்டாது. கண்ணில் பட்ட விளம்பரத்தின் தலைப்பே “மேட் இன் ஜெர்மனி, ஒரிஜினல் ஜெர்மன் பேட்ச்”. பதினோரு படங்கள். முன்னால், மேலே, பக்கவாட்டில், திரை எரிகிற மாதிரி என்று எல்லாக் கோணமும் இருந்தது. எல்லாப் படத்திலும் கேமரா ஒரு பழுப்புத் தோல் உறைக்குள் பாதி உட்கார்ந்திருந்தது. அடியில் திருகி மாட்டுகிற அரை உறை. பார்க்க அவ்வளவு அழகு. கடைசிப் படத்தில் அட்டைப்பெட்டியின் ஓரம், அதில் கம்பெனியின் பெயரும் ‘வெட்ஸ்லார், ஜெர்மனி’ என்ற வரியும். வெட்ஸ்லார் அந்தக் கம்பெனி இருக்கிற ஊர்.

இதே மாடலை மற்றவர்கள் 900 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கத்தான் போன் போட்டேன். “தம்பி, அவங்க விக்கிறது வேற நாட்டுல போட்டது. இது ஜெர்மன் பேட்ச். உள்ள கண்ணாடியே வேற. ஒரு படம் எடுத்துப் பாருங்க, கலர்லயே தெரியும்” என்றார். நாற்பது நிமிடம் பேசினார். வெளிச்சம் பற்றி, ஃபிலிம் காலம் பற்றி, தன் அப்பாவின் கேமரா பற்றி. “நானும் படம் எடுக்கிறவன்தான் தம்பி, உங்கள ஏமாத்தி நான் என்ன கட்டிக்கப் போறேன்?” என்று அவர் சொன்ன நேரத்தில்தான் நான் விழுந்தேன்.

அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கண்ணே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இவ்வளவு பிரியமாகப் பேசுகிற மனுஷனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தோடு போனை வைத்து, அதே கையோடு 1,400 டாலரை அனுப்பினேன்.

பார்சல் வந்த அன்று இரவு, உறையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கலாம் என்று அடித் திருகை ஒரு நாணயத்தால் நெம்பிக் கழற்றினேன். கறுப்புத் தகட்டில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடிகிறது. முதல் வரியில் கம்பெனி பெயர், வெட்ஸ்லார், ஜெர்மனி. அதன் கீழே வோல்ட் கணக்கு, வரிசை எண். எல்லாவற்றுக்கும் கீழே ஓரத்தில் ‘மேட் இன்’. அதற்குப் பக்கத்தில் இருந்தது ஜெர்மனி இல்லை, ஆசியாவில் இருக்கிற ஒரு நாடு. அந்த நாட்டை நான் குறை சொல்லவில்லை, கேமரா நன்றாகத்தான் வேலை செய்கிறது. கம்பெனியும் உள்ளதை உள்ளபடிதான் அச்சடித்திருக்கிறது. அந்த ஒரு வரியை உறை போட்டு மூடி, 500 டாலர் கூட வைத்து விற்றவர் மேல்தான் என் கோபம்.

உடனே போன். “பெட்டியில வெட்ஸ்லார்னு போட்டிருக்குல்ல தம்பி?” என்றார். அது கம்பெனி விலாசம் அண்ணே என்றேன். “டிசைன் ஜெர்மனிதானே?” என்றார். பிறகு வெளியூர் போவதாகவும் திங்கட்கிழமை வந்து தீர்த்துவைப்பதாகவும் சொன்னார். நானும் நம்பிக் காத்திருந்தேன். பொருளைத் திருப்பி அனுப்ப அந்தச் செயலி கொடுப்பது 72 மணி நேரம். அது ஞாயிறு இரவோடு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அவர் பேச்சில் ‘தம்பி’ இல்லை. “சார், பார்த்துத்தானே வாங்கினீங்க? சும்மா போன் பண்ணாதீங்க.” அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

செயலியின் உதவிப் பிரிவில் ஐந்து பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் “கேமரா இயங்குகிறதா?” என்று கேட்டார். இயங்குகிறது என்றதும் “அப்படியானால் விவரித்தபடியே பொருள் வந்துள்ளது” என்று எழுதினார். இன்னொருவர் “அது ஜெர்மன் கம்பெனிதானே?” என்றார். மூன்றாமவர் விளம்பரத்தில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். திறந்து பார்த்தேன். தலைப்பு “ஜெர்மன் பிராண்ட், அருமையான நிலை” என்று மாறியிருந்தது! நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. எப்போது திருத்தினார் என்று உங்களிடம் பதிவு இருக்குமே என்று கெஞ்சினேன். “உள் பதிவுகளைப் பகிர இயலாது. உங்கள் பொறுமைக்கு நன்றி.” 1,400 டாலருக்கு எனக்குக் கிடைத்தது அந்த நன்றிதான்.

இந்த மூன்று வாரம் தூக்கமில்லாமல் படித்துத் தெரிந்துகொண்டதை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் படித்திருந்தால் போதும். சிவப்புப் பொட்டு இருந்தாலே ஜெர்மனியில் செய்தது என்று அர்த்தமில்லை. 2014-இல் வந்த லைக்காவின் டி-லக்ஸ் டைப் 109 கேமரா, ஜப்பான் கம்பெனியான பானசோனிக்கின் எல்.எக்ஸ். 100 கேமராவை அடிப்படையாகக் கொண்டது. வெளித்தோற்றமும் மென்பொருளும் கொஞ்சம் மாறும், உள்ளே இருப்பது அதே சென்சார், அதே லென்ஸ். என் கையில் இருப்பதும் அந்த வகையறாதான். இதில் ‘ஜெர்மன் பேட்ச்’ என்று ஒன்று கிடையாது. அந்த மனுஷன் சொன்ன ‘வேற கண்ணாடி’ முழுப் பொய்.

உண்மையிலேயே ஜெர்மனி என்று அடித்திருக்கிற எம் வரிசையிலும் விஷயம் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. லைக்காவுக்கு 1973 முதல் போர்ச்சுகலில், விலா நோவா த ஃபமலிக்காவ் என்ற ஊரில் தொழிற்சாலை இருக்கிறது. பாகங்களில் கணிசமான வேலை அங்கே முடிந்து, கடைசியாகப் பாகங்களைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும் வெட்ஸ்லாரில் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, பல நாடுகளில் உருவான பொருளுக்குக் கடைசியாகக் கணிசமான வேலை நடந்த நாடுதான் பிறந்த நாடு. எல்லாத் திருகும் அங்கேயே செய்தது என்று அந்த வரி சொல்லவே இல்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். 1977-இல் வந்த எம் 4-2 கனடாவில், ஒன்டாரியோவின் மிட்லண்டில் செய்யப்பட்டது. அதை யாரும் லைக்கா இல்லை என்று தள்ளிவிடவில்லையே.

மற்ற கம்பெனிகளிலும் இதேதான். ஹாசல்பிளாட் என்றால் சுவீடன் என்போம். 1998-இல் வந்த எக்ஸ்பேன் கேமராவை அவர்களுக்குச் செய்து கொடுத்தது ஜப்பானின் ஃபூஜிஃபில்ம். ஜப்பானில் அதுவே டி.எக்ஸ்.-1 என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் கம்பெனியான கார்ல் ஜெய்ஸ் பெயர் போட்ட இசட்.எம். வரிசை லென்ஸ்களில் பெரும்பாலானவை ஜப்பானில் கோசினா என்ற கம்பெனி செய்தவை. ஜப்பான் கம்பெனியான நிக்கானின் உச்ச மாடலான இசட் 9 தாய்லாந்தில் தயாராகிறது. இதில் எதுவும் மட்டமான பொருள் இல்லை. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரை பிறந்த கதையைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1887-இல் பிரிட்டன் போட்ட சட்டம் அது. ஜெர்மன் சரக்கு மட்டம், வாங்குகிறவர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்று அடையாளம் காட்டக் கட்டாயமாக்கியது. அந்த வார்த்தைக்குத்தான் நான் 500 டாலர் கூடக் கொடுத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அடித்தகட்டின் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். உறை, ட்ரைபாட் தகடு, ஸ்டிக்கர் எது மாட்டியிருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள், கழற்ற மறுத்தால் விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ‘மேட் இன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். விளம்பரத்தைப் பேசுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஓடும்போது “திங்கட்கிழமை பேசலாம்” என்று யார் சொன்னாலும் அன்றைக்கே புகார் போடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நண்பன் அனுப்பினான். அதே ஆள், அதே பச்சை டிக், புதிதாக இன்னொரு கேமரா. படத்தில் அதே பழுப்பு உறை. விலை 1,450 டாலர். புகார் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை, விளம்பரம் அப்படியே நிற்கிறது.