சல்ஃபசலாசின் 500 மி.கி.: நாயின் குடலுக்குக் கேட்கும், கண்ணைக் காய வைக்கும்

நாய்களுக்கு வரும் நாள்பட்ட பெருங்குடல் அழற்சிக்கு இன்னமும் எழுதித் தரப்படும் பழைய மாத்திரை சல்ஃபசலாசின். 1940 வாக்கில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் மனிதரின் மூட்டுவாதத்துக்காக இதை உருவாக்கினார். போகப்போகக் குடல் புண்ணுக்கும் கேட்டது. நாய்க்கென்று தனியாகத் தயாரிப்பதில்லை, மனிதருக்கு விற்கும் அதே 500 மி.கி. மாத்திரைதான். குடலை ஆற்றும் வேலையில் இதைக் குறை சொல்ல எங்களுக்கு அதிகம் இல்லை. எங்கள் வருத்தமெல்லாம் கண்ணைப் பற்றியது. கண்ணீர் அளவைச் சோதிக்காமல் இதை மாதக்கணக்கில் கொடுத்துவருவதுதான் பெரிய தவறு.

வேலை செய்யும் விதம் எளிது. சல்ஃபாபிரிடின், மெசலமின் என்ற இரண்டு பொருள்கள் ஒரு கண்ணியால் இணைந்திருக்கின்றன. வயிற்றையும் சிறுகுடலையும் பெரும்பாலும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போன பிறகுதான் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தக் கண்ணியை அறுக்கின்றன. மெசலமின் அங்கேயே தங்கி அழற்சியைத் தணிக்கிறது. சல்ஃபா வகையைச் சேர்ந்த சல்ஃபாபிரிடின் ரத்தத்தில் கலக்கிறது. கண்ணீர்ச் சுரப்பியைக் கெடுப்பது இந்த இரண்டாவது ஆள்தான்.

அதனால் நோய் பெருங்குடலில் இருந்தால் மட்டுமே இந்த மாத்திரைக்கு அர்த்தம் உண்டு. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போவது, சளியும் சிவப்பு ரத்தமும் கலந்து வருவது ஆகியவை பெருங்குடல் அறிகுறிகள். ஒவ்வொரு தடவையும் நிறையப் போய் உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தால் கோளாறு சிறுகுடலில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இது பயன்படாது, கண்ணுக்கு ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். இளம் பாக்ஸர், ஃபிரெஞ்ச் புல்டாக் நாய்களுக்கு வரும் ஒருவகைப் பெருங்குடல் புண்ணுக்குக் காரணம் குடற்சுவருக்குள் புகுந்த ஈ.கோலை கிருமி. அதற்குத் திசுப் பரிசோதனை செய்து தகுந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். சல்ஃபசலாசின் அங்கே கைகொடுக்காது.

வழக்கமான அளவு, கிலோவுக்கு ஒரு வேளைக்கு 20 முதல் 40 மி.கி., எட்டு மணிக்கு ஒரு தடவை. 10 கிலோ நாய்க்கு அரை மாத்திரை, அதாவது 250 மி.கி., இந்த வரம்புக்குள் வரும். உணவோடு கொடுத்தால் வாந்தி குறையும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குடலில் கரையும்படி பூச்சு போட்ட வகையும் கடையில் உண்டு. அதை உடைத்தால் பூச்சு போய்விடும், வயிறு புரட்டும். சிறிய நாய்க்குப் பூச்சில்லாத மாத்திரையைக் கேட்டு வாங்குவதே சரி. சிறுநீர் ஆரஞ்சு மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். நான்கு வாரம் ஒழுங்காகக் கொடுத்தும் மலம் சீராகவில்லையென்றால் அளவைக் கூட்டுவதை விட நோய்க் கணிப்பைத் திரும்பப் பார்ப்பது நல்லது. சீரானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். எவ்வளவு சீக்கிரம் குறைகிறதோ கண்ணுக்கு அவ்வளவு நல்லது.

இனி கண். கண்ணீரின் நீர்ப்பகுதி வற்றினால் சளிப்பகுதி மட்டும் மிஞ்சி, நூல் நூலாக இழுபடும் பசைப் பீளையாகிறது. காலையில் துடைத்தால் மாலைக்குள் திரும்ப வந்துவிடும். வெண்விழி சிவக்கும், கருவிழியின் பளபளப்பு மங்கும், நாய் அடிக்கடி கண் சிமிட்டும், முகத்தைத் தரையில் தேய்க்கும். தொடங்கிச் சில வாரத்திலும் வரலாம், பல மாதம் நன்றாக இருந்துவிட்டும் வரலாம். இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பீளையைப் பார்த்ததும் கண்வலி என்று ஆன்டிபயாட்டிக் சொட்டு போடுகிறார்கள். நாலு நாள் குறையும், திரும்பவும் வரும், வேறு சொட்டுக்கு மாறுவார்கள். குடல் மாத்திரை மட்டும் மூன்று வேளையும் போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் கருவிழி மேல் ரத்தநாளம் படர்ந்து கறுப்பு நிறமி படிந்துவிடும். அதைவிட மோசம், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டைப் போடுவது. காய்ந்த கருவிழியில் புண் இருந்தால் அந்தச் சொட்டு அதை ஆழமாக்கி ஓட்டை விழச் செய்யக்கூடும். சாயம் விட்டுப் புண் இல்லை என்று உறுதி செய்யாமல் அதைத் தொடவே கூடாது.

உலர்கண்ணைக் கண்டுபிடிக்க ஷிர்மர் பட்டை போதும், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு வடிதாள் துண்டு. எந்தச் சொட்டும் விடுவதற்கு முன், கண்ணைக் கழுவுவதற்கும் முன், உறைக்குள் இருக்கும்போதே நுனியை வெட்டுக்குறியில் மடிக்க வேண்டும். விரலில் உள்ள எண்ணெய் பட்டால் அளவு பொய்யாகும். கீழ் இமைக்கு உள்ளே, கண்ணின் வெளி ஓரத்துப் பக்கமாக மடித்த நுனியைச் செருகி, சரியாக 60 நொடி விட்டு, எடுத்தவுடனே படிக்க வேண்டும். 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. 11 முதல் 14 வரை சந்தேகம். 10க்குக் கீழே வந்து அறிகுறியும் இருந்தால் உலர்கண். 5க்குக் கீழே கடுமை. மருந்து தொடங்கும் முன் ஒரு தடவை, இரண்டு வாரத்தில் ஒரு தடவை, பிறகு மருந்து ஓடும்வரை மாதம் ஒரு தடவை பார்ப்பது எங்கள் பரிந்துரை.

அளவு இறங்கினால் அன்றே மருத்துவரைக் கேட்டு சல்ஃபசலாசினை நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் கண்ணீர் திரும்ப வாய்ப்பு உண்டு, ஆனால் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். சில நாய்களுக்குத் திரும்புவதே இல்லை. இடைப்பட்ட காலத்துக்கு ஜெல் வகைச் செயற்கைக் கண்ணீர் நாளுக்கு நாலைந்து தடவை. கூடவே 0.2 சத சைக்ளோஸ்போரின் களிம்பு, பீளையைத் துடைத்த பிறகு, அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், இரண்டு வேளை. அது தானாக வரும் உலர்கண்ணில் காட்டும் வேகத்தை மருந்தால் சுரப்பி கெட்ட கண்ணில் காட்டுவதில்லை. ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். மனிதருக்கான 0.05 சதச் சொட்டு பெரும்பாலும் போதாது.

மாற்று மருந்தாக மெசலமின், ஓல்சலசின் இரண்டிலும் சல்ஃபா பகுதி கிடையாது. விலை கூடினாலும் கண் பலவீனமான நாய்க்கு எங்கள் தேர்வு அவைதான். அவற்றோடும் கண்ணீரைச் சோதித்துவருவது நல்லது. பக், ஷிட்சு, லாசா ஆப்சோ, காக்கர் ஸ்பேனியல், புல்டாக் வகைகளுக்கு இயல்பிலேயே உலர்கண் வரும் போக்கு உண்டு. டாபர்மேன் சல்ஃபா மருந்தையே தாங்காமல் மூட்டு வீங்கிப் படுத்துவிடக்கூடும். இந்த வீடுகளுக்கு இந்த மாத்திரையை நாங்கள் முதலில் சொல்ல மாட்டோம்.

கண்ணில் தெரியும் கோளாறெல்லாம் சல்ஃபாவால் வருவதும் இல்லை. குடலுக்கே மெட்ரோனிடசோல் நெடுநாள் போகும் நாய்க்கு விழி தானாக மேலும் கீழும் ஆடி, நடை தள்ளாடினால், அது மூளையைத் தாக்கிய மருந்து நஞ்சு. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஓட வேண்டும்.

முதல் நாள் கண்ணீர் அளவை மருந்துச் சீட்டிலேயே தேதி போட்டு "வலது 19, இடது 18" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து 13 என்று வந்தால், அந்த நாய்க்கு அது இறக்கமா, இயல்பா என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும்.