ஹேர்னிங்கா, மொரட்டுவையா, உப்புவெளியா? கதிரை செய்பவன் எங்கே இருக்கலாம்

சித்தியின் மகன் போன கிழமை பட்டறைக்கு வந்தான். நான் ஒரு வாங்குப் பலகையைச் சீவிக்கொண்டிருந்தேன். "அண்ணா, டென்மார்க்கில இடம் கிடைச்சா போகவா, இல்லாட்டி மொரட்டுவையில படிக்கவா, உங்களோடயே நிண்டிடவா?" என்று கேட்டான். சீவி முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை, சொன்ன பிறகும் பாதிதான் சொன்னேன் என்று பட்டதால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொழும்புக்குப் பக்கத்து மொரட்டுவையில் எட்டு மாதம், ஐந்து வருஷம் டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் ஒரு சின்னத் தளபாடப் பட்டறை, இப்போது மூன்றாவது வருஷமாகத் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளி. இதைப் பேச எனக்கிருக்கிற தகுதி அவ்வளவுதான்.

மொரட்டுவையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, தெருவுக்குத் தெரு மரக்காலை, எந்த இயந்திரத்துக்கும் ஆள், வேலை படிக்க இதைவிட மலிவான இடம் கிடையாது. சிங்களமும் நன்றாக வந்துவிடும். ஆனால் பட்டறைக்குள் இறங்கினால் பூ வேலைத் தலைமாட்டுக் கட்டில், பிறகும் பூ வேலைத் தலைமாட்டுக் கட்டில். கை வேகமாகும், கண் அப்படியே நிற்கும். எட்டு மாதத்தில் எனக்கு நடந்தது அதுதான், வேறொருவருக்கு வேறு மாதிரி நடக்கலாம்.

டென்மார்க்குக்கு வருகிறேன். அங்கே முதல் ஆறு மாதமும் எனக்கு ஒரே வேலை, டென்மார்க்கின் தளபாட வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த அந்தப் பெயர்போன கதிரைகள் பழுதுபார்க்க வரும், இருக்கையைப் பிரித்துப் புதிதாகப் பின்ன வேண்டும். ஒரு கதிரைக்கு ஏறக்குறைய 120 மீற்றர் முறுக்கிய காகிதக் கயிறு போகும். போர்க்காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனதால் காகிதத்தை முறுக்கிப் பழகியவர்கள், போர் முடிந்த பிறகும் அதை விடவில்லை. எங்களுக்கும் தட்டுப்பாட்டுக் காலம் இருந்தது, ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம், கரண்ட் வந்ததும் போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டோம். சரி, அது வேறு கதை.

அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டும்போதுதான் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஆச்சி வாங்கி வரும் பன்பாய் ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து அதில்தான் படுத்திருக்கிறேன், ஆனால் அதை ஒரு பொருளாக, இழுத்தால் எவ்வளவு தாங்கும், ஈரம் பட்டால் எப்படி இறுகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை யோசிக்க எனக்கு ஐரோப்பாவின் ஒரு மூலையில், டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஒரு பட்டறை தேவைப்பட்டது. வெட்கமான விஷயம்தான், ஆனாலும் உண்மை. வெளிநாட்டின் பெரிய லாபம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அங்கத்தைய இயந்திரம், அங்கத்தைய பாடசாலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

உடனே ஒருவர் கேட்பார், கண் திறக்க ஊர்விட்டு ஊர் போகத்தான் வேண்டுமா என்று. வெக்னரே போகவில்லை. பழைய சீனக் கதிரைகளின் வடிவத்திலிருந்துதான் தன் கதிரைகளுக்கு வழி பிடித்தார், அதற்காக அவர் சீனாவில் குடியிருக்கவில்லை. மறுபக்கம் ஜோர்ஜ் நாகஷிமா என்ற தளபாடக் கலைஞர். அமெரிக்காவில் பிறந்து, கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் வேலை பார்த்து, 1930களின் பிற்பகுதியில் நமக்குக் கடலுக்கு அப்பால் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டட வேலையில் இருந்தவர். இவ்வளவு அலைந்த மனிதர் ஜப்பானியக் கைவேலையை ஒழுங்காகப் பழகியது எங்கே தெரியுமா? 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோ முகாமில், தன்னோடு அடைபட்டிருந்த ஒரு தச்சரிடம். எந்த நாடு என்பதைவிட, பக்கத்து மேசையில் நிற்பவர் யார் என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

இனி நட்டக் கணக்கு. டென்மார்க்கில் மூன்றாவது வருஷம் எனக்கென்று ஒரு கதிரை செய்ய அனுமதித்தார்கள். வழமையான உயரம் 45 சென்ரிமீற்றர், நான் 38 போட்டேன், அகலம் 62. ஏன் இப்படி என்று கேட்டார்கள். அம்மா கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டுத்தான் இருப்பா, அரிசி புடைக்கிறதும் அப்படி, போன் கதைக்கிறதும் அப்படி என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது, எனக்கும் தலைகால் தெரியாத புளுகம். ஊருக்குத் திரும்பியதும் அதே அளவில் முதிரையில் ஒன்று செய்து விறாந்தையில் வைத்தேன். அம்மா இருந்தா, கையைத் தடவிப் பார்த்தா, பிறகு எழும்பப் பார்த்தா, முடியவில்லை. முழங்கால். ஐந்து வருஷத்துக்கு முன் நான் விட்டுவிட்டுப் போன அம்மாவுக்கு அந்தக் கதிரை அளவாக இருந்திருக்கும். இப்போது அதன் நாலு காலுக்கும் அடியில் பாலை மரக் கட்டை வைத்திருக்கிறேன், அவ கேட்ட உயரம் கடைசியில் 46.

தொலைவில் இருந்து வரைந்த மற்றப் படங்களும் இப்படித்தான். விறாந்தை, சாய்மனைக் கதிரை, திண்ணை, பிறகும் விறாந்தை. ஏக்கம் நல்ல எரிபொருள், முதல் இரண்டு மூன்று வருஷம் தாராளமாக ஓடும், அப்புறம் அதே வீட்டையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்போம், ஊரிலோ அந்த விறாந்தைக்குக் கிறில் அடித்து அலுமினியக் கதவு போட்டிருப்பார்கள்.

அப்போ ஊரே போதுமா? உப்புவெளியின் குறையை மறைக்க நான் தயாரில்லை. வருகிறவர்கள் போனை நீட்டி "இதே மாதிரி" என்கிறார்கள். நல்லது கெட்டது சொல்ல ஆள் இல்லை, அம்மாவைத் தவிர. மரம் ஏற்றப் பெர்மிட், பலாவும் ஈரப்பலாவும் பெண்பனையும் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி அனுமதி. கடல் காற்றில் இரும்புத் திருகாணி ஒரு வருஷத்தில் மரத்துக்குள் கறுப்பாக அழும், பித்தளைக்கு விலை கொடுக்க ஆள் இல்லை.

ஆனால் இங்கே ஒன்று இருக்கிறது, அதை எங்கேயும் படிக்க முடியாது. திரும்பி வந்த வருஷம் ஓகஸ்டில், கச்சான் காற்று அடித்து மரமெல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்த நேரம், நிலாவெளியில் ஒரு தங்கும் விடுதிக்கு அலுமாரிக் கதவுகள் செய்தேன். சட்டத்துக்குள் வேப்பம் பலகை, தலைமயிர் போகாத இறுக்கம், டென்மார்க்கில் பழகின சுத்தம். ஹீட்டர் போட்ட வீட்டுக்காக 8 வீத ஈரத்துக்கு உலர்த்திய மரத்தில் அது சரிவரும். டிசம்பர் மாரியில் பலகை ஊதி, சட்டத்தின் பொருத்துகளையே பிளந்துகொண்டு வெளியே வந்தது. பதினொரு கதவு. எல்லாம் என் செலவு. என்னோடு வேலை செய்கிற ஓடாவியார் பார்த்துவிட்டு, "கச்சானில பூட்டினா ரெண்டு பக்கமும் தீக்குச்சி போற இடம் விடவேணும் தம்பி" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

கலப்பில்லாத திருகோணமலைப் பாணி என்று ஒன்று இருக்கிறது, வெளியே போனால் அது கெட்டுவிடும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, இந்த நாலு சொல்லுமே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களின் மொழியில்தான் நாங்கள் இன்றைக்கும் உட்காருகிறோம்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: போ, ஆனால் இப்ப வேண்டாம். இரண்டு கச்சானும் இரண்டு மாரியும் ஓடாவியாரோடு நின்றுவிட்டுப் போ. போனால் மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு. வருஷத்துக்கு ஒருக்கால் வந்து வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள், எந்த உயரத்தில் எழும்புகிறார்கள் என்று அளந்துகொண்டு போ. ஏஜென்சிக்குக் கடன்பட்டு மட்டும் போகாதே. ரொறன்ரோவில் என் கூட்டாளி ஒருவன், என்னைவிட நன்றாகப் படம் கீறுவான், பதினாறு மணித்தியாலம் குசினி அலுமாரி பூட்டுகிறான், கடன் முடிந்த பிறகு கீறலாம் என்று ஏழு வருஷமாகச் சொல்கிறான். மொரட்டுவைக்குப் போவதென்றால் படிக்கப் போ, பட்டறை வேலைக்கு வேண்டாம்.

அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று வந்து அந்த வாங்கின் மற்றப் பக்கத்தைச் சீவினான். நாரோட்டத்துக்கு எதிராகச் சீவுகிறான், பலகை முழுக்கச் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிறது.