கிரீஸ் ஃபெரி டிக்கெட் புக் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க, 412 யூரோ போச்சு

இன்னிக்கு காலைல, எங்களுக்கு ஃபெரி (பயணிகள் கப்பல்) டிக்கெட் வித்த ஏஜென்சிலேர்ந்து ஒரு மெயில். "உங்க கேஸ் முடிக்கப்பட்டது". அவ்ளோதான், ஒத்த வரி. 412 யூரோ வாங்கிட்டு ஒத்த வரில முடிச்சிட்டாங்க. நம்ம ஊர் காசுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல வருது. கை இன்னும் நடுங்குது, ஆனா இந்த சீசன்ல நிறைய பேர் கிரீஸ் கிளம்பறீங்க, அதனால இப்பவே எழுதிடறேன்.

நாங்க இருக்கறது ஜெர்மனில. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, ஷெங்கன் விசா கைல இருக்கறப்பவே கிரீஸ் காட்டிடலாம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் பிளான் போட்டோம். ஏதென்ஸ், அங்கேர்ந்து பிரேயஸ் போர்ட்ல ஏறி நாக்ஸோஸ் தீவு, நாக்ஸோஸ்லேர்ந்து சான்டோரினி தீவு, கடைசியா சான்டோரினிலேர்ந்து திரும்ப பிரேயஸ், அடுத்த நாள் விடியக்காலைல ஃபிளைட். முதல் ரெண்டு டிக்கெட்டையும் நேரா கப்பல் கம்பெனி சைட்லயே எடுத்தோம், ஒரு பிரச்சனையும் இல்ல. பெரிய கப்பல், நாக்ஸோஸுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா அம்மா மேல் தளத்துல நின்னுக்கிட்டு கடலைப் பாத்துட்டே வந்தாங்க, அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு.

மூணாவது டிக்கெட்ல தான் மாட்டினோம். பெரிய கப்பல்னா சான்டோரினிலேர்ந்து பிரேயஸுக்கு ஏழரை எட்டு மணி நேரம் ஆயிடும், ஹைஸ்பீட் கேட்டமரான்னு சொல்ற வேகப் படகு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அப்பாவுக்கு முட்டிவலி வேற, அதனால வேகமா போறதே போலாம்னு எல்லா கம்பெனி கப்பலையும் ஒரே பக்கத்துல காட்டற ஒரு ஃபெரி புக்கிங் வெப்சைட்டுக்குப் போனோம். பேர் போடல, காசத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் ஓடிட்டு இருக்கு. கப்பல் அவங்களோடது இல்ல, இடைல நின்னு டிக்கெட் வித்துக் கொடுக்கற ஏஜென்சி, அந்த மாதிரி சைட் ஏகப்பட்டது இருக்கு.

நான் கண்ண மூடிட்டு காசு கட்டல. ராத்திரி பதினோரு மணிக்கு அவங்க சாட்டத் திறந்து கேட்டேன், ஆகஸ்ட்ல காத்து பலமா இருக்கும்ன்றாங்களே, கப்பல் நின்னுட்டா என்ன ஆகும்னு. ஒரு நிமிஷம் கூட ஆகல, பதில் வந்துடுச்சு. "கவலையே படாதீங்க, ரீஃபண்ட் ப்ரொடெக்ஷன் எடுத்துக்கோங்க, கப்பல் போகலன்னா முழுக் காசும் அதே கார்டுக்குத் திரும்பிடும், ஒரு சென்ட் கூட பிடிக்க மாட்டோம்." அதோட விட்டாங்களா, அப்பாவுக்கு முட்டிவலின்னு சொன்னதும் லிஃப்ட் பக்கத்துல சீட் கிடைக்குதான்னு பாக்கறேன்னாங்க, எத்தன வயசுன்னு விசாரிச்சாங்க. அந்த அக்கறையைப் பாத்து தான் நம்பினேன். நாலு டிக்கெட் 360, அதுக்கு மேல புக்கிங் ஃபீஸும் இந்த ப்ரொடெக்ஷனும் சேத்து 52. மொத்தம் 412 யூரோ. அந்த சாட் ஸ்கிரீன்ஷாட் இன்னும் என் போன்ல இருக்கு, அதைப் பாத்தா தான் ரொம்ப எரியுது.

காத்துன்னா சும்மா காத்து இல்ல. ஜூலை ஆகஸ்ட்ல இந்தத் தீவுங்க இருக்கற ஏஜியன் கடல்ல வடக்கேர்ந்து மெல்டெமின்னு ஒண்ணு அடிக்கும். வானம் பளிச்னு இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனா ஆள் நிக்க முடியாது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்கன்னு அம்மா அங்க நின்னு சொன்னாங்க, பாத்தா மாசமும் ஆடி தான். அந்தக் காத்துல சின்ன ஹைஸ்பீட் போட் தான் மொதல்ல நிக்கும். பெரிய கப்பல் அதுக்கு மேலயும் தாக்குப் பிடிச்சு ஓடும், காத்து வேகம் 8 பியூஃபோர்ட் (காத்தோட பலத்த அளக்கற அளவு) பக்கம் போனா தான் பொதுவா அதுக்கும் கோஸ்ட்கார்டு தடை போடுவாங்க. இந்த ஒரு விஷயத்த அந்த சாட்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. விலை ஜாஸ்தியான டிக்கெட்ட தான் தள்ளினாங்க.

கிளம்பற அன்னிக்கு சான்டோரினியோட முக்கிய ஊரான ஃபிராலேர்ந்து ஆதினியோஸ் போர்ட்டுக்கு பஸ் புடிச்சோம். சான்டோரினி போனவங்களுக்குத் தெரியும், செங்குத்தான மலைச்சரிவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோடு, கீழ போனா ஒரு குறுகலான இடம், அதுக்குள்ள காரு, லாரி, டூரிஸ்ட் பஸ், ஆயிரம் டிராலி பை. நிழலுக்கு ஒதுங்க இடமே இல்ல. காத்து மண்ண வாரி முகத்துல அடிக்குது, அம்மா புடவத் தலைப்பால மூஞ்ச மூடிட்டு சூட்கேஸ் மேல உக்காந்துட்டாங்க. எங்க கப்பல் நேரம் வந்துச்சு, கப்பல் வரல. பக்கத்துல நின்ன ஒரு இத்தாலிக்காரர் தான் சொன்னாரு, அது காலைலயே கேன்சல், எனக்கு எஸ்எம்எஸ் வந்துச்சேன்னு. எங்களுக்கு ஒண்ணும் வரல. மெயில் இல்ல, மெசேஜ் இல்ல.

கப்பல் கம்பெனி கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, பாவம் அவ்ளோ கூட்டத்துலயும் பொறுமையா பாத்துச்சு. மானிட்டர எங்க பக்கம் திருப்பி காட்டுச்சு. புக்கிங்ல இருந்த போன் நம்பர் என்னோடது இல்ல. மெயிலும் என்னோடது இல்ல. ரெண்டும் அந்த ஏஜென்சியோடது. கம்பெனி காலைல அனுப்பின எஸ்எம்எஸ் நேரா அவங்களுக்குப் போயிருக்கு, அவங்க அத எங்களுக்குத் தள்ளிவிடக்கூட இல்ல. காலைலயே தெரிஞ்சிருந்தா ரூம்ல இருந்தபடியே வேற டிக்கெட் எடுத்திருப்போம், அறுபத்தெட்டு வயசு மனுஷர அந்த வெயில்ல நிக்க வச்சிருக்க மாட்டேன். ரீஃபண்ட் கேட்டா, ஏஜென்சி மூலமா எடுத்த டிக்கெட், ஏஜென்சி தான் தரணும், எங்களால கவுன்ட்டர்ல ஒண்ணும் செய்ய முடியாதுன்னுச்சு. அது மேல தப்பில்ல. காத்துக்காக கப்பல நிறுத்தின கம்பெனி மேலயும் எனக்குக் கோபம் இல்ல.

மத்தியானம் கிளம்பற பெரிய கப்பல்ல இன்னொரு 196 யூரோ கட்டி நாலு டிக்கெட் எடுத்தோம். சீட் நம்பர் இல்லாத எகானமி தான் மிச்சம் இருந்துச்சு. அப்பா சோபா கிடைக்காம தரைல துண்ட விரிச்சு படுத்துட்டு வந்தாரு. பிரேயஸ் வந்தப்ப ராத்திரி பன்னெண்டு ஆகப் போகுது, அங்கேர்ந்து ஏர்போர்ட் போற எக்ஸ்96 பஸ் ராத்திரி முழுக்க ஓடும், அது இருந்ததால ஃபிளைட்ட புடிச்சோம்.

இனிமே தான் கூத்தே. வீட்டுக்கு வந்ததும் ஏஜென்சிக்கு எழுதினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நிமிஷத்துல பதில் சொன்ன அதே சாட்ல இப்ப ரோபோ தான் பேசுது. கேஸ் நம்பர் வந்துச்சு. அஞ்சுலேர்ந்து ஏழு வேலை நாள்ன்னாங்க. அது முடிஞ்சதும், கப்பல் கம்பெனி இன்னும் அப்ரூவ் பண்ணலன்னாங்க. அப்புறம், சீசன் டைம், லேட் ஆகும். அப்புறம் ரீஃபண்ட் ப்ரொடெக்ஷன் பத்திக் கேட்டேன் பாருங்க, அதுக்கு வந்த பதில் தான் உச்சம்: அது நீங்களா டிக்கெட்ட கேன்சல் பண்ணினா தான் செல்லுமாம், கம்பெனி கேன்சல் பண்ணினா செல்லாதாம். நான் கேட்டதே கப்பல் நின்னா என்ன பண்றதுன்னு தான! ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அதுக்கு பதிலே இல்ல. அடுத்து ஒரு வவுச்சர் தரோம்ன்னாங்க, அதுவும் ஃபீஸெல்லாம் கழிச்சு, ஒரு வருஷத்துக்குள்ள அவங்க சைட்லயே செலவு பண்ணணுமாம். வேணாம், என் 412 யூரோ வேணும்னு எழுதினேன்.

எங்க வீட்டுக்காரர் கப்பல் கம்பெனி ஆபீஸுக்கே போன் போட்டாரு. அவங்க பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா, அந்த நாலு டிக்கெட் காசையும் ஏஜென்சிக்கு அப்பவே திருப்பிட்டோம்னு. அப்பவே! அப்ப "இன்னும் அப்ரூவ் பண்ணல"ன்னு எனக்கு எழுதினது பச்சைப் பொய். காசு அவங்க கைல உக்காந்திருக்கு, என்னை மாசக்கணக்கா அலைய விட்டிருக்காங்க. இத எழுதிக் கேட்டதுக்கு தான் இன்னிக்கு "கேஸ் முடிக்கப்பட்டது".

சட்டம் என்னன்னு இப்ப தான் தேடிப் படிச்சேன். ஐரோப்பிய யூனியன்ல கப்பல் பயணிகளுக்குன்னு 1177/2010னு ஒரு விதி இருக்கு. கப்பல் கேன்சல் ஆனாலோ கிளம்ப 90 நிமிஷத்துக்கு மேல லேட் ஆனாலோ, வேற கப்பல்ல கூட்டிட்டுப் போகணும், இல்லன்னா டிக்கெட் காசு திருப்பித் தரணும், எது வேணும்னு நாம தான் சொல்லணும். காசுன்னா 7 நாளுக்குள்ள. வவுச்சர் நாம சம்மதிச்சா மட்டும் தான். காத்து மழைன்னா ஹோட்டல் செலவும் நஷ்டஈடும் கேக்க முடியாது, ஆனா டிக்கெட் காசு அப்பவும் உண்டு. இது தெரியாதுன்ற தைரியத்துல தான் வவுச்சர நீட்டறாங்க.

ஃபெரி பிளான் பண்றது எப்படின்னு முழுசா எழுதலாம்னு தான் உக்காந்தேன், இப்ப மனசு வரல. அவசரத்துக்கு இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நேரத்த எந்த சைட்ல வேணா பாருங்க, டிக்கெட்ட கப்பல் கம்பெனி சைட்லயே எடுங்க. ஏஜென்சில எடுத்தே ஆகணும்னா புக்கிங்ல உங்க போன் நம்பர் தான் இருக்கான்னு கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டுடுங்க. ஜூலை ஆகஸ்ட்ல வயசானவங்களோட போனா பெரிய கப்பல். ஃபிளைட்டுக்கு முந்தின நாள் தீவுலேர்ந்து கிளம்பாதீங்க, ஒரு நாள் முன்னாடியே ஏதென்ஸ் வந்துடுங்க. போர்ட்ல கேன்சல்னு போர்டு போட்டிருந்தா போட்டோ எடுங்க, கவுன்ட்டர்ல எழுதி வாங்குங்க, பேங்க்ல இப்ப அதத்தான் கேக்கறாங்க.

டிஸ்ப்யூட்ல என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சதும் இங்கயே போடறேன். இதே மாதிரி ஏஜென்சி கிட்ட மாட்டி காச திருப்பி வாங்கினவங்க யாராவது இருந்தா எப்படி வாங்கினீங்கன்னு சொல்லுங்க. 412 யூரோவ நான் விடறதா இல்ல.